இடது சக்கரத்து நட்டு

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
18-2-1974

அன்புள்ள மாப்பிள்ளை கோலப்பனுக்கு நயினார் எழுதுவது. நானும் உம் மதினி ஓமனாவும் இங்கே சுகம். நீரும் தங்கச்சி செண்பகவல்லியும் பிள்ளைகள் இருவரும் அங்கே சுகந்தானே? சின்னவளுக்கு இருமல் விட்டதா?

பொங்கலுக்கு வள்ளியூர் வராததற்கு வருத்தப்பட வேண்டாம். காரணம் ஒரு டிராக்டர். நான் இன்ஜின் பார்க்கிற மில்லின் முதலாளி சத்தியதாஸ், வித்துரா பக்கம் ஒரு தோட்டம் வாங்கினார். அங்கே கூரை போன ஷெட்டில் ஒன்பது வருஷமாக மழையில் நனைந்தபடி ஒரு டிராக்டர் கிடக்கிறது. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. களக்காட்டுப் பண்ணையில் நாம் வேலை பார்த்தபோது இருந்ததே, அதே ரகம்.

"எந்தா நயினாரே, இது ஓடுமோ? இல்லெங்கில் பழைய இரும்புக்குத் தூக்கிக் கொடுத்திரலாம்" என்றார் முதலாளி. யோசிக்காமல், "ஓணத்துக்குள்ள ஓட்டிக் காட்டுதேன்" என்று சொல்லிவிட்டேன். ஓடினால் வித்துராவில் டிராக்டர் பட்டறை ஒன்று போட்டு என்னிடம் பொறுப்புத் தருவாராம். பட்டறையை ஒட்டி ஓட்டு வீடு ஒன்றும் உண்டு. மில்லின் மல்லி மூட்டைகளுக்குப் பின்னால் ஒற்றை அறையில் நாங்கள் படும் பாடு உமக்குத் தெரியும்.

ஆனால் ஒரு போல்ட்டும் அசைய மாட்டேன் என்கிறது. எல்லாம் துருவேறிக் கல்லாகிவிட்டது. மூன்று தலைகளை மழுக்கிவிட்டேன். பண்ணையில் அந்த வண்டியை ஓட்டியவன்தான் நான். பிரித்ததும் பூட்டியதும் நீர். வழி சொல்லும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் பிரியம்.
நயினார்


வள்ளியூர்,
25-2-1974

மரியாதைக்குரிய மச்சானுக்குக் கோலப்பன் வணக்கம். எல்லாரும் சுகம். சின்னவளுக்கு இருமல் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பம்புசெட் மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். அந்த வண்டியைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்டு எத்தனை வருஷமாயிற்று!

முதல் காரியம், ஸ்பானரைக் கீழே வையுங்கள். துருவோடு மல்லுக்கு நின்றால் துருதான் ஜெயிக்கும். கம்பிப் பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்யுங்கள். மண்ணெண்ணெயும் பழைய இன்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து காலையும் மாலையும் விடுங்கள். மூன்று நாள் பொறுக்க வேண்டும். பிறகு சுத்தியலால் தலையில் நேராகத் தட்டுங்கள். பலமாக அல்ல, கதவு தட்டுகிற மாதிரி. உள்ளே துரு விரிசல் விடும்.

அதற்கும் வராவிட்டால் ஊதுவிளக்கு. போல்ட்டைக் காய்ச்சாதீர்கள், நட்டை மட்டும் காய்ச்சுங்கள். சூடாக இருக்கும்போதே மெழுகுவத்தியை ஓரத்தில் வைத்தால் மெழுகு தானே உள்ளே ஓடிவிடும். ரிங் ஸ்பானர் போட்டு, கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன் முறுக்கும் பக்கம் ஒரு நூலளவு திருப்புங்கள். "டிக்" என்று ஒரு சத்தம் வரும். அது வந்துவிட்டால் வண்டி உங்களுடையது.

மழுங்கிய தலைகளை விட்டுவையுங்கள். அதற்கும் வழி உண்டு.

மதினிக்கு எங்கள் அன்பு.
கோலப்பன்


ஆரியசாலை,
17-3-1974

அன்புள்ள மாப்பிள்ளைக்கு நயினார். நாங்கள் நலம். அங்கே வெயில் எப்படி? பிள்ளைகளுக்கு வேர்க்குரு வராமல் பார்த்துக்கொள்ளும்.

வந்துவிட்டது வே! நாற்பத்தொரு போல்ட்டில் முப்பத்தெட்டு கழன்றாயிற்று. முதல் "டிக்" சத்தம் கேட்டபோது தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். முதலாளி மெழுகு உருகி உள்ளே போவதைக் குனிந்து பார்த்து, "நயினாருக்க கையில மந்திரம் உண்டு கேட்டோ" என்று எல்லாரிடமும் சொன்னார். மறுநாள் சாலைக் கடைத்தெரு முழுக்க அதே பேச்சு. இப்போது என்னை "மேஸ்திரி" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முதலாளி போட்டோக்காரரை வரவழைத்து, வண்டிப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்தார். ஒரு பிரதி இதோடு இருக்கிறது. தங்கச்சியிடம் கொடும்.

மழுங்கிய மூன்றுக்கும் வழி எழுதும்.
நயினார்


வள்ளியூர்,
9-4-1974

மச்சானுக்குக் கோலப்பன் வணக்கம். அனைவரும் நலம். வேலை அதிகம், அதனால் தாமதம்.

போட்டோ வந்தது. உங்கள் தங்கை அதற்குச் சட்டம் போட்டுக் காலண்டர் பக்கத்தில் மாட்டிவிட்டாள். தண்ணீர் எடுக்க வருகிற பெண்களிடமெல்லாம் "எங்க அண்ணன் திருவனந்தபுரத்துல பெரிய மேஸ்திரி" என்கிறாள். நான் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே உங்கள் முகம். சட்டை புதிதா? நன்றாக இருக்கிறது. எனக்கு இங்கே மோட்டார் காயில் சுற்றும் வேலை. இதற்கெல்லாம் யாரும் படம் எடுப்பதில்லை.

மழுங்கிய தலைகள்: அதன்மேல் பெரிய நட்டு ஒன்றை வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். சூடு ஆறும்போது ஸ்பானர் போடுங்கள்.

இந்த முறையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று முதலாளி கேட்டாரா? சும்மாதான் கேட்கிறேன்.

கோலப்பன்


ஆரியசாலை,
28-4-1974

அன்புள்ள மாப்பிள்ளைக்கு நயினார் எழுதுவது. இறைவன் புண்ணியத்தில் இங்கே குறைவில்லை. பெரியவள் அடுத்த வகுப்புக்குப் பாஸாகிவிட்டாளா?

வெல்டிங் யோசனை பலித்தது. மூன்றும் வந்துவிட்டன. இன்ஜினை இறக்கித் துடைத்துப் பூட்டிவிட்டேன். போன ஞாயிறு ஓமனாவைக் கிழக்கேகோட்டையில் பஸ் ஏற்றி வித்துரா கூட்டிப் போனேன். வீட்டைப் பார்த்து அவளுக்கு ஒரே சந்தோஷம். இரண்டு அறை, தனி அடுக்களை, கிணறு. "இவிடெ வாழை வைக்கணும், அவிடெ முருங்கை" என்று இப்போதே இடம் பார்த்துவிட்டாள். முதலாளியும் கூட வந்து, "இனி இது மேஸ்திரிக்க வீடு" என்று சொல்லிவிட்டார்.

இனிப் பின்சக்கரம் இரண்டையும் கழற்ற வேண்டும், உள்ளே பேரிங் போய்விட்டது. வலது சக்கரத்தின் நடு நட்டு நீர் சொன்ன முறையில் அரை நாளில் வந்துவிட்டது. இடது சக்கரத்து நட்டுதான் அசையவே இல்லை. ஐந்து நாளாயிற்று. அதற்கு ஏதாவது தனி வழி உண்டா? உடனே எழுதும்.

நயினார்


வள்ளியூர்,
2-5-1974

மச்சானுக்கு வணக்கம். நலம், நலமறிய அவா.

தனி வழி ஒன்றும் இல்லை. வலதுக்குச் செய்ததையே இடதுக்கும் செய்யுங்கள். நன்றாகக் காய்ச்சி, ஸ்பானரில் ஆறடி பைப் மாட்டி, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுங்கள். ஸ்பானர் முனகும். விடாதீர்கள்.

வீடு கிடைத்ததில் சந்தோஷம்.

கோலப்பன்


16-5-1974

மாப்பிள்ளைக்கு,

இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணும். ஸ்பானர் வாய் பிளந்து பைப்போடு விழுந்தேன். வலது மணிக்கட்டில் மூன்று இடத்தில் முறிவு. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. நட்டு கழலவில்லை. தங்கச்சி பயப்படாதபடி சொல்லும்.

நயினார்


வள்ளியூர்,
27-5-1974

என் அன்பு அண்ணனுக்குச் செண்பகவல்லி எழுதுவது. உங்கள் கை எப்படி இருக்கிறது? வலி குறைந்ததா? மதினி உங்களுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறாளாமே, அங்கிருந்து வந்த ஜவுளிக்காரர் சொன்னார். கேட்டு அழுதேன். நான் வருவதாக இருந்தேன். இவுக "பொறு, பொறு" என்றே நாளைக் கடத்துகிறார்கள்.

அண்ணா, ஒன்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் இடது சக்கரத்தைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதத்தை நான்தான் இவுகளுக்கு வாசித்தேன். சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்கள். "அந்த நட்டு எதிர்மரைல்லா! மத்ததெல்லாம் இடப்பக்கம் திருப்புனா கழலும், இத மட்டும் வலப்பக்கம் திருப்பணும். உங்க அண்ணனுக்கு இதுகூடத் தெரியல பாரு" என்றார்கள். "அப்பம் இன்னைக்கே எழுதிப் போடுங்க" என்றேன். அன்றைக்கே எழுதித் தபாலிலும் போட்டார்கள். அப்படி இருந்தும் எப்படி அண்ணா நீங்கள் மாற்றித் திருப்பினீர்கள்? அவசரத்தில் மறந்துவிட்டீர்களா?

உங்கள் கார்டு வந்ததிலிருந்து இவுக சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் போட்டோவையும் சுவரிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். கேட்டால், சுவரில் கரையான் என்கிறார்கள். நான் பார்த்தவரை கரையான் இல்லை.

முத்தாலம்மன் உங்களைக் காப்பாற்றட்டும்.
செண்பகவல்லி


ஆரியசாலை,
3-6-1974

திரு. கோலப்பன் அவர்களுக்கு,

உங்கள் மே இரண்டாம் தேதிக் கடிதத்தை நாலு தடவை எடுத்து வாசித்தேன். ஓமனாவையும் எழுத்துக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். அதில் எதிர்மரை என்ற சொல் இல்லை.

செண்பகவல்லியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வெள்ளை மனதோடு எழுதியதைப் படித்தேன். அவளிடம் கோபிக்க வேண்டாம்.

நயினார்


வள்ளியூர்,
19-7-1974

மச்சானுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாயில்லை. ஒன்றரை மாதமாகத் தாளை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன்.

எதிர்மரை என்று எனக்குத் தெரியும். களக்காட்டில் அந்த நட்டை எத்தனை தடவை கழற்றியிருக்கிறேன்! அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் கடிதம் பக்கத்தில் விரித்திருந்தது. மதினி வாழைக்கும் முருங்கைக்கும் இடம் பார்த்த வரி கண்ணில் பட்டது. அதற்கு மேல் என் கை அதை எழுதவில்லை.

63-ல் அந்த மில்லிலிருந்து வேலைக்குக் கடிதம் வந்தது என் பேருக்கு. உங்கள் தங்கையோடு எனக்கு நிச்சயம் ஆகியிருந்த மாதம். "நீங்க முந்திப் போங்க மச்சான், ஆறு மாசத்துல நானும் வாரேன்" என்று உங்களை அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து, இங்கே இப்போது இடமில்லை என்று கார்டு போட்டீர்கள். பிறகு நானும் கேட்கவில்லை, நீங்களும் கூப்பிடவில்லை. பதினோரு வருஷமாக நீங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் உங்கள் செருப்பு, உங்கள் கைக்கடிகாரம், நீங்கள் பேசுகிற மலையாளம் எல்லாம் எனக்கு வர வேண்டியவை என்றே தோன்றும். சிரித்துக்கொண்டு பெட்டியை வாங்கி உள்ளே வைப்பேன். இப்போது என் வித்தையையும் எடுத்து உங்கள் பேரில் போட்டுக்கொண்டீர்கள். அதை நானே தபால் தலை ஒட்டி அனுப்பினேன் என்பதுதான் என்னை அதிகம் அரித்தது.

கை ஒடியும் என்று நினைக்கவில்லை. நட்டு வராது, முதலாளி முன்னால் தலை குனிவீர்கள், என்னை அழைத்து வரச் சொல்வார், இவ்வளவுதான் நினைத்தேன். அப்படியானால் ஆறடி பைப் மாட்டச் சொன்னது எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தங்கையிடம் சொல்லிவிட்டேன். எட்டு நாளாகத் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

கோலப்பன்


ஆரியசாலை,
2-8-1974

மாப்பிள்ளைக்கு நயினார் எழுதுவது. கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. பேனா பிடிக்கலாம், ஸ்டியரிங் பிடிக்கலாம். ஸ்பானரை அழுத்தினால் விரல் விட்டுவிடுகிறது.

உம்மை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். காலையில் சட்டைப் பித்தானைப் போடும்போது ஒவ்வொரு நாளும் உம்மை வைகிறேன்.

ஆனால் ஏப்ரலில் நீர் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். முதலாளி கேட்டார். "இதெல்லாம் நானாக் கண்டுபிடிச்சது" என்றேன். பட்டறைக்கு இன்னொரு நல்ல ஆள் தெரியுமா என்றும் கேட்டார். உம் முகம்தான் கண் முன்னால் வந்தது. "யாருமில்ல முதலாளி" என்றேன். 63-லும் இங்கே இடம் இருந்தது. பண்ணையில் எல்லாரும் "கோலப்பன் கை, கோலப்பன் கை" என்றுதான் சொல்வார்கள். ஐந்து வருஷம் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினேன். நீர் இங்கே வந்தால் அன்றோடு நான் மறுபடியும் டிரைவர். அதனால்தான் அந்தக் கார்டு.

ஓணத்துக்கு நாலு வாரம்தான் இருக்கிறது. பழைய இரும்புக்காரர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அதை என்னால் சகிக்க முடியவில்லை. வாரும். எனக்காக வர வேண்டாம், உமக்காகவும் வேண்டாம். வந்து அந்த நட்டைக் கழற்றும்.

நயினார்


வித்துரா,
8-9-1974

என் தங்கச்சி செண்பகவல்லிக்கு அண்ணன் எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? மூன்று வாரம் தனியாகப் பிள்ளைகளோடு என்ன பாடு பட்டாயோ. உன் வீட்டுக்காரர் சுகமாக இருக்கிறார். "நீங்களே எழுதுங்க, நான் எழுதுனா அவ படிக்க மாட்டா" என்று என்னிடம் விட்டுவிட்டார்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவர் பையோடு ஷெட்டுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். "வலிக்குதா மச்சான்?" என்றார். "நட்டப் பாரும்" என்றேன். நான் மாற்றித் திருப்பிய திருப்பில் அது இன்னும் இறுகிப்போயிருந்தது. இரண்டு நாள் காய்ச்சுவதும் மெழுகு விடுவதுமாக இருந்தார். மூன்றாம் நாள் காலை, முதலாளியும் தோட்டத்து ஆட்களும் பார்த்து நிற்க, ஸ்பானரை வலப்பக்கம் அழுத்தினார். பைப்கூட மாட்டவில்லை. டிக் என்றது. அவ்வளவுதான்.

முதலாளி கை தட்டிவிட்டார். "இதாணு மேஸ்திரி! இத்தன நாள் எவிடெயாயிருந்நு?" என்றார். இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று அவரைக் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளபடியே எழுதுகிறேன்.

அப்போது உன் வீட்டுக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "முதலாளி, இவரு கை ஒடிஞ்சதுக்கு நான்தான் காரணம். எதிர்மரைன்னு தெரிஞ்சும் எழுதாம விட்டேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். கைவேலையில்தான் முந்தினவர் என்றால் உண்மை சொல்வதிலும் என்னை முந்திவிட்டார். அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

முதலாளியின் முகம் மாறிவிட்டது. உண்மைதானா என்பதுபோல் என் பக்கம் திரும்பி, "நேரோ நயினாரே? எங்கில் இவன் இவிடெ வேண்டா. பட்டறை உனக்குத் தன்னெ" என்றார்.

நான் ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொய்கூட இல்லை. வீடும் கிணறும் பட்டறையும் என்னுடையவை. உன் வீட்டுக்காரர் பையைக் கையில் எடுத்துவிட்டார். ஒரு பீடி புகைக்கிற நேரம் நான் சும்மாவே நின்றேன் செண்பகம். சும்மா நின்றேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு சொன்னேன். "நேருதான் முதலாளி. ஆனா முன்னால நீங்க பாத்த மந்திரமும் இவரு எழுதி அனுப்பினதுதான். மெழுகு, வெல்டிங், எல்லாம். என் பேருல சொன்னேன். வேற ஆளு இல்லன்னதும் பொய்."

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் கள்ளன்மாரு" என்றார். "வண்டி ஓடட்டெ. பின்னெ பறயாம்." முடிவைப் பிறகு சொல்வாராம்.

ஓணத்துக்கு நாலு நாள் முன்னால் வண்டி ஓடியது. முதலாளி பட்டறைப் பொறுப்பை உன் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். வண்டி ஓட்டுவது நான். வீடும் அவர் பேருக்குத்தான். அவர் ஓமனாவிடம் போய், "மதினி, கெழக்கு அறையும் கெணத்தடியும் ஒங்களுக்கு" என்றார். மூன்று நாள் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் வாழைக்கன்று வாங்கி வந்து ஊன்றினாள். நாங்கள் இருவரும் இன்னும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அவர் ஸ்பானர் பிடிக்கும்போது நான் வெளியே போய்விடுகிறேன். நான் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டும்போது அவர் வெளியே போய்விடுகிறார். நீ பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்துவிடு. உன்னிடமாவது இரண்டு பேரும் பேசுவோம்.

நேற்று முதல் தடவையாக வண்டியை வித்துரா சந்தை வழியாக ஓட்டிப் போனேன். அவர் மட்கார்டில் உட்கார்ந்திருந்தார். கடைகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் வழியை மறித்து, "இது சத்து போயி எத்தன கொல்லம்! ஆராணு நேரெயாக்கியது?" என்று கேட்டார். செத்துப்போய் எத்தனை வருஷம், யார் சரிசெய்தது என்று கேட்கிறார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இவருதான். எங்க தங்கச்சி மாப்பிள்ளை" என்றேன்.

சொல்லிவிட்டு, பெரியவர் அவரை மெச்ச வாயெடுப்பதற்குள் வண்டியைக் கொஞ்சம் வேகமாக விட்டேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அண்ணன்
நயினார்